கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கறை

காரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னைப் பானெட்டைத் திறக்கச் சொல்லியிருந்தால், "அதெல்லாம் ஆம்பளைங்க வேலைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். இப்போது என் வலது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வேறு நிறமாக இருக்கிறது. வளையல் போடும்போதெல்லாம் கண்ணில் படும். அது வந்த கதையைச் சொன்னால், நான் ஏன் கார் ரிப்பேர் பேசுகிறேன் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

எங்களுக்குத் திருப்பூர் ராயபுரம். வீட்டுக்காரர் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் வைத்து, பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறார். வீட்டு வேலை முடிந்த மத்தியான நேரத்தில் நானும் போய்ப் பிசிறு வெட்டுவேன், செக்கிங் பார்ப்பேன். கார் எங்களுக்கு ஆடம்பரமில்லை. வாரநாளில் அதில் பீஸ் மூட்டை போகும். ஞாயிற்றுக்கிழமை மாமியார் கோயிலுக்குப் போவார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி 800. அந்த மாடல் தயாரிப்பையே 2014 சனவரியில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நானும் முறையாக டிரைவிங் ஸ்கூல் போய், எட்டுப் போட்டு, லைசென்ஸ் வாங்கியவள்தான். கிளட்ச், பிரேக், கியர் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பானெட்டைத் திறக்கும் பிடி எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது நான். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனபிறகு, வண்டி நின்ற இடத்தையும் சேர்த்துக் கூட்டிவிடுவேன். ஒரு நாள் பழைய எட்டணாக் காசு அளவுக்கு ஒரு பச்சைக் கறை. ஏதோ சாயம் என்று நினைத்தேன். சாயத்துக்குப் பேர்போன ஊராச்சே! சீமாறு போட்டுத் தேய்த்துவிட்டேன். மறுநாள் அதே இடத்தில் அதே பச்சை. இப்படி மூன்று வாரம் தேய்த்துக் கழுவினேனே தவிர, இது எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தேனா? இல்லை. அவரிடம் சொன்னேனா? அதுவும் இல்லை.

அது சித்திரை மாசம். பையனுக்குப் பழனியில் முடி இறக்க வேண்டும் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். புறப்படுகிற அன்றைக்குப் பார்த்து யூனிட்டில் அவசர ஷிப்மென்ட். "நீயே ஓட்டிட்டுப் போயிரு, நான் பின்னாடியே பஸ்ஸுல வந்தர்றேன்" என்றார் அவர். மாமியார், ஐந்து வயசுப் பையன், நான், மூன்று பேரும் கிளம்பினோம். தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் தாண்டியதும் காருக்குள் லேசாக ஒரு இனிப்பு வாடை. வெல்லப்பாகு கருகினாற்போல. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள், எப்போதும் நடுவில் நிற்பது, மேலே ஏறியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, "தாராபுரம் போய்ச் சேர்ந்துட்டா யாரையாவது கேக்கலாம்" என்று ஏசியைக்கூட நிறுத்தாமல் ஓட்டினேன். நான் செய்த முதல் பெரிய தப்பு அது.

கொஞ்ச தூரத்தில் பானெட்டிலிருந்து புகைபோல ஆவி. ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். டூ வீலரில் போன ஒருவர் இரக்கப்பட்டு நின்று, "ரேடியேட்டர்ல தண்ணி இருக்காதுங்க, மூடியத் தொறந்து ஊத்துங்க, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனசோடுதான் சொன்னார். பையன் என் இடுப்பை ஒட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணி பாட்டில எடுத்துட்டு வா கண்ணு" என்று அவனைப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டு, துண்டை மடித்துப் பிடித்து மூடியைத் திருகினேன்.

கொதிநீர் ஒரு ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. என் கையோடு போயிற்று. அந்த இடம் பையனின் உயரத்துக்கு முகம். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ரோட்டோரத் தோட்டத்திலிருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். ஒரு பாட்டி இட்லி மாவு எடுத்துவரச் சொன்னார். இன்னொருவர் பேஸ்ட் தடவச் சொன்னார். அந்த வீட்டுப் பெண் நர்சிங் படிக்கிறவள். "ஒண்ணும் தடவாதீங்க! அக்கா, முதல்ல வளையலக் கழட்டுங்க" என்று அதட்டி, கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயிலிருந்து விழும் தண்ணீரில் என் கையைப் பிடித்து வைத்தாள். தண்ணீர் வேகமாக அடிக்காமல் குழாய் வாயில் துணியைக் கட்டினாள். முழுதாக இருபது நிமிஷம். "போதும்மா" என்று நான் அழுதாலும் விடவில்லை.

சமையலறையில் நாம் எல்லோரும் சுட்டுக்கொள்கிறவர்கள்தான். அதனால் அந்தப் பெண் செய்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். வீக்கம் வருவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். பிறகு ஓடுகிற சாதாரணத் தண்ணீர், இருபது நிமிஷம். ஐஸ் கூடாது. பேஸ்ட், மை, மாவு, மஞ்சள் எதுவும் கூடாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கொப்புளத்தை உடைக்கக் கூடாது. சுத்தமான துணியைத் தளர்வாகப் போர்த்தி டாக்டரிடம் போக வேண்டும். முகம், கை, மூட்டு என்றாலோ, குழந்தை என்றாலோ, காயம் சின்னதாகத் தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். எனக்குக் காயம் ஆழமாகாமல் தோலோடு நின்றதற்கு அந்த மோட்டார்த் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்து ஒர்க் ஷாப்பில் விட்டார்கள். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்றில் கிளாம்ப் தளர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கூலண்ட் ஒழுகியிருக்கிறது. என் வாசலில் விழுந்த பச்சை அதுதான். ஹோசும் கிளாம்பும் சேர்ந்து 300 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. முள் ஏறியபிறகும் நான் ஓட்டியதால் ஹெட் கேஸ்கட் போய், செலவு 11,500 ரூபாய். வண்டி எட்டு நாள் ஷெட்டில் நின்றது. என் கை ஆற மூன்று வாரம்.

பில்லைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஆத்திரம், என்மேலேயே. கட்டு அவிழ்த்த மறுநாள் ஷெட்டுக்குப் போய், "அண்ணா, எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுங்க" என்றேன். மெக்கானிக் அண்ணனுக்கு அறுபது வயசிருக்கும். "உனக்கெதுக்கு அம்மிணி இந்த அழுக்கு?" என்று சிரித்தார். கையை நீட்டிக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வீட்ல குக்கர் இருக்குதல்ல? விசில் போறப்ப வெயிட்டத் தூக்கி மூடியத் தொறப்பியா?"

"ஐயோ, எப்படிங்கண்ணா?"

"அப்பறம் இதை மட்டும் எப்படித் தொறந்த?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை சூடேறி, பருப்பைச் சீக்கிரம் வேகவைக்கிறது. ரேடியேட்டர் மூடியிலும் ஸ்பிரிங் வைத்து அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விடுபட்டு, அத்தனை சூடான தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெளியே பாய்கிறது. இருபது வருஷமாகக் குக்கர் வைக்கிற எனக்கு இது தெரியாத விஷயமா? இரண்டும் ஒன்றே என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முள் ஏறினால் என்ன செய்வது என்பதை அவர் என்னை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார். உடனே ஏசியை நிறுத்து. ஹீட்டரை முழுசாகத் திருப்பு. சித்திரை வெயிலில் ஹீட்டரா என்றுதான் நானும் கேட்டேன். எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் காருக்குள் இழுத்துக்கொள்ளும் வழி அது. இரண்டு நிமிஷம் வெந்து தணியலாம், தப்பில்லை. ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணை. குழந்தைகளையும் பெரியவர்களையும் ரோட்டை விட்டுத் தள்ளி நிழலில் உட்கார வை. ஆவி நின்றபிறகு பானெட்டைத் தூக்கிவிட்டு, குறைந்தது முக்கால் மணி நேரம் எதையும் தொடாதே. மேல் ஹோசைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லாமல் ஆறியிருந்தால்தான் மூடிப் பக்கம் கை போக வேண்டும். காயும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும், சுட்ட கண்ணாடி டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றின கதைதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து வீட்டில் சொன்னபோது, பக்கத்து வீட்டு மாமா, "பொம்பளைக்கு எதுக்குங்க ரிப்பேர் வேலை?" என்றார். அவருக்காகவே தேடிப் படித்து வைத்த ஒரு சங்கதியைச் சொல்கிறேன். காரைக் கண்டுபிடித்து 1886ல் காப்புரிமை வாங்கியவர் ஜெர்மனியின் கார்ல் பென்ஸ். ஆனால் அதில் முதன்முதலாக நெடுந்தூரம் போனது அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமலே இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து தன் பிறந்த ஊரான ஃபோர்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் போனார். அம்மா வீட்டுக்குத்தான்! வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். ஒரு ஒயர் உராய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றிச் சரி செய்தார். பிரேக் கட்டை தேய்ந்தது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். அந்த வண்டிக்கும் தண்ணீர்த் தாகம் அதிகம். எஞ்சின் சூடாகாமலிருக்கப் போகிற வழியெல்லாம் தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டே போனார்கள். ஆக, உலகத்தில் நெடும்பயணத்தில் நடந்த முதல் கார் ரிப்பேர், இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போன ஒரு அம்மா செய்தது. நம் தமிழ்நாட்டிலேயே 1993ல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசு பஸ் டிரைவராக வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மாமா அதற்குப்பின் பேசவில்லை.

இனி, நான் வாராவாரம் என்ன பார்க்கிறேன் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, பத்து நிமிஷம். அதற்கு முன் நம்மைத் தயார் செய்துகொள்ள வேண்டும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடுகிறேன். பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவே வளையல் பட்டால் பொறி பறக்கும், வளையல் பழுக்கக் காய்ந்துவிடும். தாலிக்கொடியை உள்ளே போட்டுக்கொள்கிறேன். முந்தானையோ துப்பட்டாவோ இடுப்பில் செருகியாக வேண்டும், பின்னலைக் கொண்டை போட்டுவிட வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் கரண்டில் ஓடுவது. எஞ்சினை அணைத்த பிறகும் சூடு இருந்தால் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கும்.

துடைக்கத் துணி? அண்ணன் ஷெட்டில் ஒரு மூட்டை வைத்திருந்தார். "எங்கிருந்து வருதுன்னு தெரியுதா?" என்றார். எங்கள் பனியன் வேஸ்ட்! கட்டிங்கில் கழிகிற துண்டுத் துணியை மூட்டை கட்டி விற்கிறார்களே, அது ஊர் ஊராக ஒர்க் ஷாப்புகளுக்குத்தான் போகிறது. பருத்தித் துணி, எண்ணெயை அப்படியே உறிஞ்சும். வீட்டில் நைந்த பனியன் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள்.

முதலில் எஞ்சின் ஆயில். யூனிட்டில் ஓவர்லாக் மிஷினின் முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் நிற்கிறதா என்று பார்த்துத்தான் டெய்லர் மிஷினைப் போடுவார். காரில் கண்ணாடிக்குப் பதில் ஒரு நீளக் கம்பி. உருவி, துடைத்து, திரும்ப முழுசாகச் செருகி உருவினால், நுனியில் உள்ள இரண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் தெரிய வேண்டும். வண்டி மேடு பள்ளமில்லாத இடத்தில் நிற்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் அதே ரக ஆயிலைக் கொஞ்சமாக ஊற்றலாம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். நிறம் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பால் விட்ட காப்பிபோல் நுரைத்திருந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது கூலண்ட். பக்கத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா இருக்கும், வெளியிலிருந்தே மட்டம் தெரியும். மூடியைத் திறக்கவே வேண்டியதில்லை. மாசக்கணக்கில் குறையாமல் இருக்க வேண்டியது அது. வாராவாரம் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீரை, அதிலும் எங்க ஊர் போர் தண்ணீரை, ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. நொய்யலில் சாயத் தண்ணீர் ஓடி நிலத்தடி நீர் கெட்ட கதையும், 2011 சனவரியில் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள். இப்போது சுத்திகரித்துத்தான் சாயம் போடுகிறார்கள் என்றாலும், மண்ணுக்குள் இறங்கிய உப்பு லேசில் போய்விடுமா? வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதுவே ரேடியேட்டரின் முடிபோன்ற குழாய்களில் படிந்தால் அடைத்துக்கொள்ளும். கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்துதான் ஊற்ற வேண்டும். கலந்தே விற்பதும் உண்டு; டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

எங்கள் வண்டியில் இன்னொரு வேடிக்கை. ரேடியேட்டரின் முன்பக்கத்தில் கம்பளி போர்த்தினாற்போலப் பஞ்சு! யூனிட்டுக்குப் பின்னால் தூசி பறக்கும் இடத்தில் தினமும் நிறுத்திய பலன். காற்று போக வழியில்லாவிட்டால் எஞ்சின் எப்படி ஆறும்? ஏர் ஃபில்டரிலும் அதே பஞ்சு. அண்ணன் அதைத் தட்டிக் காட்டியபோது ஒரு தலையணைக்கு ஆகும்போல் இருந்தது. இப்போது வண்டியை இடம் மாற்றி நிறுத்துகிறோம். பனியன் ஊர், நூல் மில் ஊர், அரிசி ஆலைப் பக்கம் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் காலையில் வண்டி முனகும், கிளம்பாது. அதற்கு மருந்து நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பொங்கிக்கொண்டு கரைந்துவிடும். ஆசிட்டை சோடா முறிக்கிறது. ஒயரைக் கழற்றுவதானால் கழித்தல் குறி போட்ட முனையை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காய்ந்தபின் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். கண்ணில் தெறித்துவிடாமல் ஜாக்கிரதை.

டயரை எல்லோரும் கண்ணால் பார்த்து, காலால் உதைத்து முடித்துவிடுகிறார்கள். காற்று எவ்வளவு வேண்டும் என்று டிரைவர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் போட்டிருக்கும். பங்கில் பையன் கேட்டால் 'வழக்கம்போல' என்று சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். தூரமாக ஓடி டயர் சூடான பின் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்ப்பது நல்லது. டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், மழையில் அது பிடிக்காது, மாற்றியாக வேண்டும். நம்மில் பலரும் மறப்பது ஸ்டெப்னி. நான் முதன்முதலாக எங்கள் ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தபோது ஊறவைத்த ஜவ்வரிசி வடாம்போல் அமுங்கியது.

டயர் மாற்றக் கற்றுக்கொண்டது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பலம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வேண்டியது வரிசை. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். எல்லோரும் கீழே இறங்கிவிட வேண்டும்; தூங்கும் குழந்தையானாலும்தான். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். நான் முதல் தடவை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுத் திருகினேன், சக்கரம் என்னோடு சேர்ந்து சுற்றியது! கையால் அசையாத நட்டுக்கு, ஸ்பேனர் தண்டை இடப்பக்கமாகப் படுக்க வைத்துக் காலால் அழுத்தினால் போதும். நம் உடம்பு எடை அன்றைக்காவது உதவட்டுமே. ஜாக்கியை அடிப்பகுதியில் அதற்கென்று இருக்கும் காடியில்தான் கொடுக்க வேண்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ காலோ தலையோ, எதுவும் போகக் கூடாது. மாட்டும்போது ஒரு நட்டு விட்டு எதிர் நட்டாக முடுக்கி, இறக்கியபின் மறுபடி இறுக்க வேண்டும். பங்களாவுக்குப் போகிற ரோடானாலும் சரி, ஹைவேயில் இருட்டில் பஞ்சரானால் இந்தச் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம். சிக்னல் விளக்கைப் போட்டுவிட்டு, ரோட்டை விட்டு விலகி நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.

வைப்பரின் ரப்பரை ஈர பனியன் துணியால் துடைத்தாலே பாதி மழைத் தொந்தரவு தீர்ந்துவிடும். இந்த வைப்பருக்கு 1903ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி. பக்கத்து வீட்டு மாமாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை, வைத்திருக்கிறேன்.

நான் தொடாதவையும் உண்டு. பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் குழாய், ஏர் பேக் இவற்றில் கை வைப்பதில்லை. பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தை மட்டும் பார்ப்பேன்; குறைந்திருந்தால் நேரே ஷெட்டுக்குப் போன் போடுவேன். ஷெட்டில் எதை மாற்றினாலும் பழைய சாமானைத் தரச் சொல்லி வாங்கிப் பார்க்கிறேன். பாத்திரக் கடையில் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இங்கே மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சின்னக் குழந்தை உள்ள வீடுகளுக்கு மூன்று விஷயம். கூலண்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். சர்பத் நிறத்தில் இருப்பதை வேறு பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் நாய், பூனை நக்குவதற்குள் கழுவிவிடுங்கள். 'இதோ ஒரு நிமிஷம்' என்று குழந்தையைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுக் கடைக்குள் நுழையாதீர்கள். வெயிலில் பத்து நிமிஷத்திலேயே உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் அது குறையாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்காராதீர்கள். அந்தப் புகையில் வாடையே இல்லாத விஷவாயு உண்டு.

கடைசியாக வாசல் கறை. இதைத்தான் நான் முதலில் கற்றிருக்க வேண்டும். வண்டியை எடுத்தபின் தரையைப் பாருங்கள். வெறும் தண்ணீராக, வாடையில்லாமல் இருந்தால் ஏசித் தண்ணீர், கவலையில்லை. பச்சை அல்லது ரோஸ், தொட்டால் வழுவழுப்பு, வாயில் வைக்காமலே தெரியும் இனிப்பு வாடை என்றால் கூலண்ட். வண்டியை எடுக்கும்முன் டப்பாவைப் பாருங்கள், அந்த வாரமே காட்டுங்கள். கறுப்பும் பழுப்புமாகப் பிசுக்கு என்றால் எஞ்சின் ஆயில். சக்கரத்துக்கு அருகே எண்ணெய் போன்ற வெளிர் மஞ்சள் என்றால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை அசைக்கவே வேண்டாம், மெக்கானிக் வீட்டுக்கு வரட்டும். சந்தேகமாக இருந்தால் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிடுங்கள். காலையில் எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று அட்டையே காட்டும்.

வீட்டுக்காரர் வண்டியை எடுக்கும்போது வாசலைப் பார்ப்பதே இல்லை. குனிந்து கூட்டுகிற நமக்குத்தான் அது கண்ணில் படுகிறது.

போன வாரம் நான் உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து மாமியாரின் குரல்: "அம்மிணி, ஓடியா! வண்டிக்கடியில ஈரமா இருக்குது பாரு!" அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் பையன் மண்டியிட்டு, வெள்ளை பனியன் துண்டால் ஒற்றியெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏசித் தண்ணி, ஆத்தா" என்றான்.